ஊற்று கீழே, பெருக்கம் மேலே: சிறுமூளையின் கிரானியூல் முன்னோடிச் செல்களும் அவற்றின் ஏற்பிகளும்

பிறந்து ஏழு நாளான சுண்டெலிக் குட்டிக்கு ஈடியு (புதிதாக உருவாகும் டிஎன்ஏவில் சேர்ந்துகொள்ளும் அடையாளப் பொருள்) ஊசி போட்டு, இரண்டு மணி நேரம் கழித்துச் சிறுமூளையை எடுத்து, நடுக்கோட்டுக்கு இணையாக மெல்லிய சீவல்களாக வெட்டிப் பாருங்கள். மடிப்பு மடிப்பாக ஓடும் மேற்பரப்பில், மூளையுறையை ஒட்டி ஏழெட்டுச் செல் தடிமனில் ஒரு பட்டை தெரியும். அதுதான் வெளிக் கிரானியூல் அடுக்கு. அந்தப் பட்டையின் மேல்பாதி ஈடியு ஏறிப் பளிச்சென்று ஒளிரும்; அங்குள்ள செல்கள் டிஎன்ஏவை இரட்டித்துக்கொண்டிருக்கின்றன. கீழ்ப்பாதி ஏறத்தாழ இருட்டு. அதே சீவலில் பி27 புரதத்துக்கு ஆன்டிபாடி போட்டால் கீழ்ப்பாதிதான் தூக்கலாகத் தெரியும். பி27 செல் சுழற்சிக்குப் பூட்டுப் போடும் புரதம். எல்லாம் ஒரே குலத்துச் செல்கள்தான்: கிரானியூல் நியூரான்களாக முதிரப்போகும் முன்னோடிச் செல்கள். மேலே இருப்பவை பிரிகின்றன. நாலைந்து செல் தூரம் கீழே இறங்கியவை நிறுத்திவிட்டன.

இந்தச் செல்களைப் பிரியச் சொல்லும் முதன்மையான சமிக்ஞை சோனிக் ஹெட்ஜ்ஹாக். அதைச் சுரப்பவை சிறுமூளையின் பெரிய நியூரான்களான பர்கின்ஜி செல்கள். பர்கின்ஜி செல்கள் இருப்பதோ பட்டைக்குக் கீழே! ஊற்றுக்குப் பக்கத்தில் நிற்பவை ஓய்ந்துவிட, எட்ட நிற்பவை பெருகுகின்றன. சோனிக் எவ்வளவு கிடைக்கிறது என்பதை மட்டும் வைத்து இதை விளக்கவே முடியாது. ஒரு செல் எந்தெந்த ஏற்பிகளை, அதாவது சமிக்ஞையைப் பிடிக்கும் புரதங்களை, ஏந்தியிருக்கிறது, அந்த ஏற்பிகளை அந்த இடத்தில் எது வந்து தொடுகிறது என்று பார்த்தால்தான் புரியும். பாடப்புத்தகப் படங்களில் பர்கின்ஜியிலிருந்து மேல்நோக்கி ஒற்றை அம்புக்குறி போட்டு முடித்துவிடுவது இந்த விஷயத்துக்குச் செய்யும் அநியாயம் என்றே நினைக்கிறேன்.

மனித மூளையில் சுமார் 8,600 கோடி நியூரான்கள் இருப்பதாகக் கணக்கு. அவற்றில் ஏறத்தாழ 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன. அதிலும் மிகப் பெரும்பாலானவை கிரானியூல் செல்கள். இத்தனையும் ராம்பிக் உதடு எனப்படும் ஒரு மெல்லிய விளிம்பிலிருந்து கிளம்புபவை. ஏடிஓஹெச்1 என்ற மரபணு இயங்கும் செல்கள் சுண்டெலியில் கருவின் 13ஆம் நாள் வாக்கில் அங்கிருந்து புறப்பட்டு, சிறுமூளையின் மேற்பரப்பில் போர்வைபோலப் பரவுகின்றன. பெருக்கம் பிறந்தபின் முதல் வாரத்தில் உச்சம் தொடும். மூன்றாவது வாரத்தில் அடுக்கே காலியாகிவிடும். ஒரு முன்னோடிச் செல்லின் வழித்தோன்றல்களை எண்ணிப் பார்த்த ஆய்வில் சராசரியாக 250 கிரானியூல் செல்கள் வந்தன, அதாவது எட்டுச் சுற்றுப் பிரிவு. ஒரே தாயின் சந்ததிகள் நாளுக்கொன்றாக உதிராமல், குறுகிய கால இடைவெளிக்குள் சேர்ந்தாற்போலச் சுழற்சியை விட்டு வெளியேறுகின்றன. எட்டில் ஒரே ஒரு சுற்று குறைந்தாலும் செல் எண்ணிக்கை பாதியாகிவிடும். ஏற்பிகளில் ஏற்படும் சின்ன மாற்றம் சிறுமூளையின் அளவையே ஏன் மாற்றுகிறது என்பதற்கு இந்தக் கணக்கு போதும்.

சோனிக்தான் இந்தப் பெருக்கத்தை நடத்துகிறது என்பதை 1999இல் மூன்று குழுக்கள் தனித்தனியாகக் காட்டின: ராபர்ட் வெக்ஸ்லர்-ரேயாவும் மேத்யூ ஸ்காட்டும், நாடியா டாமானும் ஆரியேல் ரூயிஸ் இ அல்டாபாவும், வேலரி வாலஸ் தனியாகவும்.

இனி ஏற்பிக்கு வருவோம். கிரானியூல் முன்னோடிச் செல் ஒவ்வொன்றிலும் ஆன்டெனாபோல ஒற்றைச் சிலியம் நீட்டிக்கொண்டிருக்கும். எல்லாம் நடப்பது அங்கேதான். பேட்ச்டு-1 என்பது செல் சவ்வை 12 முறை குறுக்கே கடக்கும் ஏற்பி. சோனிக் இல்லாத நேரத்தில் அது சிலியத்தில் இருந்தபடி, ஸ்மூத்தண்டு என்ற இன்னொரு புரதத்துக்குக் கொலஸ்ட்ரால் எட்டாமல் பார்த்துக்கொள்கிறது என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். சோனிக் வந்து பேட்ச்டுவின் துளையை அடைத்ததும் இந்தக் காவல் நின்றுவிடும். சோனிக் புரதத்தின் ஒரு முனையில் பால்மிடேட் என்ற கொழுப்பு வால் உண்டு. அந்த வால்தான் துளைக்குள் முளைபோலச் செருகிக்கொள்கிறது. ஆய்வகத்தில் எந்தச் சோனிக்கை வாங்குவது என்ற கேள்வி பின்னால் வரும். அதற்காக இதை நினைவில் வையுங்கள்.

பேட்ச்டு விலகியதும், ஏழு முறை சவ்வைக் கடக்கும் ஸ்மூத்தண்டு சிலியத்துக்குள் வந்து சேரும். அதற்கு முன்புவரை சிலியத்தில் ஜிபிஆர்161 என்ற ஏற்பி உட்கார்ந்து, செல்லுக்குள் செய்தி கடத்தும் சைக்ளிக் ஏஎம்பி என்ற சிறு மூலக்கூறின் அளவை உயர்த்தி, அதன் வழியே பிகேஏ நொதியை ஓடவைத்துக்கொண்டிருந்தது. மரபணுக்களை இயக்கவோ அடக்கவோ செய்யும் புரதக் குடும்பம் க்ளி. பிகேஏ ஓடும்வரை அதில் க்ளி-3 வெட்டுப்பட்டு மரபணுக்களை அடக்கும் வடிவமாகிவிடும். க்ளி-2வை சூஃபு புரதம் பிடித்து வைத்திருக்கும், மிச்சம் சிதைந்துபோகும். ஸ்மூத்தண்டு உள்ளே வந்தால் ஜிபிஆர்161 வெளியேறும், பிகேஏ தணியும், க்ளி-2 விடுபட்டுச் செல்லின் உட்கருவுக்குள் போகும். அங்கே க்ளி-1, செல் பிரிவை முடுக்கும் என்-மிக், சைக்ளின் டி1, டி2 ஆகியவற்றின் மரபணுக்கள் எழும். கூடவே பேட்ச்டு-1 மரபணுவும் எழும். தன்னை அணைக்கும் சுவிட்சைத் தானே தயாரிக்கும் ஏற்பாடு இது.

மேலும் கீழும் உள்ள செல்கள் ஏன் வேறுவேறாக நடக்கின்றன என்பதற்கு அந்தச் சைக்ளிக் ஏஎம்பிதான் முதல் சாவி. மூளையுறை சிஎக்ஸ்சிஎல்12 என்ற புரதத்தைச் சுரக்கிறது. மேல்பாதிச் செல்களின் சிஎக்ஸ்சிஆர்4 ஏற்பி அதைப் பிடித்ததும் ஜிஐ வகைப் புரதம் வழியாகச் சைக்ளிக் ஏஎம்பி இறங்கும். பிகேஏ மேலும் தணிவதால் அதே அளவு சோனிக் கூடுதலாக வேலை செய்யும். அதே ஏற்பி செல்களை மேற்பரப்பிலேயே பிடித்தும் வைத்திருக்கிறது. சிஎக்ஸ்சிஆர்4 இல்லாத சுண்டெலிக் கருக்களில் முன்னோடிச் செல்கள் நேரம் வருமுன்பே உள்ளே இறங்கிவிடுகின்றன. எதிர்ப்பக்கம் தள்ளுவது பிஏகேப் என்ற பெப்டைடு. அதன் ஏற்பி சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றும், சோனிக்கின் பெருக்கத்தைத் தணிக்கும். ஒரே கல்லாப்பெட்டியில் ஒரு கை போட, இன்னொரு கை எடுக்கிற மாதிரி.

அடுத்தது செல் நிற்கும் தரை. மூளையுறையின் அடித்தளச் சவ்வில் லாமினின் இருக்கிறது. அது சோனிக்கையும் பிடித்து வைக்கும், செல் தரையைப் பற்ற உதவும் ஏற்பியான பீட்டா1 இன்டக்ரினையும் தொடும். அதனால் கீழே சுரந்த சோனிக் மேலே போய்ப் பலன் தருகிறது. உட்பக்கம் உள்ளது விட்ரோனெக்டின். அது வேறோர் இன்டக்ரின் வழியாக முதிர்ச்சியைத் தூண்டும். சோனிக்கைப் பேட்ச்டுவிடம் கொண்டுசேர்க்கும் துணை ஏற்பிகளில் ஒன்றான பாக் புரதமும் இந்தச் செல்களில் உண்டு.

இரண்டாவது சாவி பிஎம்பி என்ற சமிக்ஞைப் புரதக் குடும்பம். பிஎம்பி-2, பிஎம்பி-4 ஏற்பிகள் தூண்டப்பட்டால் ஏடிஓஹெச்1 புரதம் சிதைக்கப்படுகிறது. ஏடிஓஹெச்1 குறைந்தால் சிலியமே நிலைக்காது என்பது 2019இல் தெரியவந்தது. சிலியம் இல்லாத செல்லுக்குச் சோனிக் வெள்ளமாக ஓடினாலும் கேட்காது. கீழ்ப்பாதிச் செல் ஊற்றுக்குப் பக்கத்திலேயே செவிடாக நிற்பதற்குப் பெரிய காரணம் இது.

இவை தவிர நாட்ச்-2 ஏற்பி செல்களை முதிரவிடாமல் வைத்திருக்கும். இன்சுலின் போன்ற ஐஜிஎஃப்-1இன் ஏற்பி பிஐ3 கைனேஸ் வழியாக ஜிஎஸ்கே3 பீட்டாவை அடக்கி, என்-மிக் புரதத்தைச் சிதையாமல் காக்கும். சோனிக் என்-மிக்கை உண்டாக்குகிறது, ஐஜிஎஃப் அதை நிலைக்கவைக்கிறது.

இந்தச் செல்களைப் பிரித்தெடுத்துத் தட்டில் வளர்க்கும் கல்ச்சர் போடும்போது ஏற்படும் கோளாறுகளில் பாதிக்குமேல், மேலே சொன்ன ஏற்பிகளில் ஏதோ ஒன்றை அறியாமல் தொட்டுவிடுவதால் வருபவைதான். அதனால் செய்முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

குட்டிகளின் வயது 5 முதல் 7 நாள். 10 நாள் ஆகிவிட்டால் பிரியும் செல்களின் பங்கு நன்றாகக் குறைந்துவிடும். சிறுமூளையைக் குளிர்ந்த கரைசலில் எடுத்து, ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பின் கீழ் மூளையுறையை முழுக்க உரித்துவிட வேண்டும். மடிப்புகளுக்குள் புகுந்திருக்கும் உறையை விட்டுவிட்டால், ஃபைப்ரோபிளாஸ்ட் வளர்ந்து தட்டை நிறைப்பதோடு சிஎக்ஸ்சிஎல்12ஐயும் சுரந்துகொண்டிருக்கும். சோனிக் கொடுக்காத குழியிலேயே அடிப்படைப் பெருக்கம் தட்டுக்குத் தட்டு மாறினால் முதலில் இதைச் சந்தேகியுங்கள்.

மில்லிக்கு 10 யூனிட் பப்பெய்ன், சிஸ்டைன், மில்லிக்கு 250 யூனிட் டிஎன்ஏஸ் சேர்த்து 37 டிகிரியில் 30 நிமிடம். பிறகு ஓவோமியூகாய்டு போட்டு நொதியை நிறுத்தி, பிப்பெட்டால் மெதுவாக மேலும் கீழும் இழுத்துச் செல்களைப் பிரிக்க வேண்டும். நுரை வந்தால் செல் சாகிறது என்று அர்த்தம். டிஎன்ஏஸ் குறைந்துபோனால் செத்த செல்களின் டிஎன்ஏ பசைபோல நூல்விட்டு, உயிருள்ளவற்றையும் சேர்த்துக் கட்டியாக்கிவிடும்.

அடுத்து, செல்களை அடர்த்தியால் பிரிக்கும் பெர்கால் என்ற திரவத்தின் அடுக்கு: கீழே 65 சதவீதம், நடுவில் 35 சதவீதம், மேலே செல் கலவை. மையவிலக்கியில் 2500 ஆர்பிஎம் அளவில் 12 நிமிடம் சுற்றி, பிரேக் போடாமல் நிற்கவிட வேண்டும். பெரிய பர்கின்ஜி செல்களும் ஆஸ்ட்ரோகிளியாவும் மேல் எல்லையில் தங்கிவிடும். சிறியதாகவும் அடர்த்தியாகவும் உள்ள கிரானியூல் செல்கள் 35க்கும் 65க்கும் இடைப்பட்ட எல்லையில் வெண்பட்டையாகச் சேரும். அந்தப் பட்டையை எடுத்து நாலைந்து மடங்கு கரைசலில் கலந்து கழுவுங்கள். அப்படிச் செய்யாவிட்டால் பெர்காலின் அடர்த்தியில் செல்கள் மிதந்துகொண்டே இருக்கும், அடியில் வண்டலே சேராது. செல் காணாமல் போய்விட்டது என்று கலங்குபவர்கள் பெரும்பாலும் அவற்றைச் சிங்க்கில் ஊற்றியிருப்பார்கள்.

பாலி-டி-லைசின் பூசிய 12 மில்லிமீட்டர் கண்ணாடித் துண்டு, 24 குழித் தட்டு, குழிக்கு 5 லட்சம் செல் என்பது நல்ல தொடக்கம். அடர்த்தி குறைந்தால் செல்கள் சாகும். பிழைத்தவையும் சீக்கிரமே சுழற்சியை விடும். பூசுவது லாமினினா லைசினா என்பதும் சும்மா ஒட்டும் பசை பற்றிய முடிவு கிடையாது. பீட்டா1 இன்டக்ரினைத் தூண்டுவதா வேண்டாமா என்ற முடிவு. ஒரே பரிசோதனைத் தொடருக்குள் அதை மாற்றக் கூடாது.

மீடியம் விஷயத்தில்தான் அதிகம் பேர் வழுக்குகிறார்கள். முதிர்ந்த கிரானியூல் நியூரான் கல்ச்சர் செய்முறையை அப்படியே எடுத்துவந்தால் அதில் சைட்டோசின் அராபினோசைடு இருக்கும். அது பிரியும் செல்களைக் கொல்லப் போடும் மருந்து. இங்கே நமக்கு வேண்டியதே பிரியும் செல்கள். பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடியும். நியூரல் ஸ்டெம் செல் பழக்கத்தில் எஃப்ஜிஎஃப்-2 சேர்ப்பவர்களும் உண்டு. கிரானியூல் முன்னோடிச் செல்லில் அது சோனிக்கின் விளைவைத் தடுக்கும். சீரம் போட்டால் ஆஸ்ட்ரோகிளியா தழைக்கும்.

மீடியத்தில் சேர்க்கும் பி27 கலவையைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கவேண்டும் (தொடக்கத்தில் வந்த பி27 புரதம் வேறு, இது வேறு). அதில் இன்சுலின் நிறைய இருக்கிறது. என்2 கலவையிலும் அப்படித்தான். மில்லிக்கு 5 மைக்ரோகிராம். இந்த அளவில் இன்சுலின் ஐஜிஎஃப்-1 ஏற்பியையும் தூண்டும். எனவே "சோனிக் மட்டும் கொடுத்த குழி" என்று நாம் எழுதுவது உண்மையில் சோனிக்கும் ஐஜிஎஃப் சமிக்ஞையும் சேர்ந்த குழி. பி27இல் கார்டிகோஸ்டிரோனும் உண்டு. ஸ்டீராய்டு ஏற்பியைப் பற்றிய பரிசோதனை என்றால் இதைக் கணக்கில் எடுக்காமல் ஒரு அடியும் வைக்காதீர்கள்.

சோனிக்கைச் செல் ஒட்டிய முதல் சில மணி நேரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். ஒரு நாள் தள்ளிக் கொடுத்தால் பல செல்கள் ஏற்கெனவே வெளியேறியிருக்கும்; பிறகு எவ்வளவு ஊற்றினாலும் திரும்பி வராது. பாக்டீரியாவில் தயாரித்த சாதாரணச் சோனிக்குக் கொழுப்பு வால் கிடையாது. அதனால் மில்லிக்கு 3 மைக்ரோகிராம்வரை தேவைப்படும். முனையில் சிஸ்டைனுக்குப் பதில் இரண்டு ஐசோலூசின் வைத்துத் தயாரித்தது பலமடங்கு குறைந்த அளவிலேயே வேலை செய்யும். பேட்ச்டுவின் துளைக்குள் செருகும் கொழுப்பு வாலின் வேலையை அந்த எண்ணெய்த்தன்மை ஓரளவு செய்கிறது.

செலவு கட்டுப்படியாகாதவர்கள் ஸ்மூத்தண்டை நேரடியாகத் தூண்டும் எஸ்ஏஜி என்ற சிறு மூலக்கூறைப் பயன்படுத்துகிறார்கள். 100 முதல் 500 நானோமோலார் நல்ல எல்லை. கூடக் கூட நல்லது என்று நினைத்து மைக்ரோமோலாருக்கு ஏற்றினால் பெருக்கம் சரியும். அதன் வரைபடமே மணி வடிவம். இரண்டு புள்ளிகளை மட்டும் சோதித்துவிட்டு "எஸ்ஏஜி வேலை செய்யவில்லை" என்று முடிவுகட்டுவது வழக்கமான தவறு. ஒப்பீட்டுக் குழியில் ஸ்மூத்தண்டைத் தடுக்கும் விஸ்மோடெகிப் அல்லது சைக்ளோபமைன் சேர்க்கும்போது இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். இவையும் எஸ்ஏஜியும் ஸ்மூத்தண்டின் ஒரே குழிவுக்குப் போட்டியிடுபவை. எஸ்ஏஜி அதிகமாக இருந்தால் தடுப்பு மருந்து தோற்றதுபோலத் தோன்றும். சோனிக்கைக் கொண்டு தூண்டிய குழியில் இந்தச் சிக்கல் இல்லை. ஃபோர்ஸ்கோலின் 10 மைக்ரோமோலார் கொடுத்த ஒரு குழியும் வையுங்கள். அது சைக்ளிக் ஏஎம்பியை ஏற்றி, ஸ்மூத்தண்டுக்குக் கீழே பாதையை அடைக்கும்.

அளப்பது இரண்டு நிலையில் இருக்கட்டும். 24 மணி நேரத்தில் க்ளி-1 ஆர்என்ஏ. அது உயர்ந்தால் ஏற்பி கேட்டது என்று பொருள். 48ஆவது மணியில், கடைசி இரண்டு முதல் நான்கு மணி நேரம் 10 மைக்ரோமோலார் ஈடியு. அது ஏறினால் செல் பிரிவுக்குத் தயாராகிறது என்று பொருள். க்ளி-1 உயர்ந்து ஈடியு உயராவிட்டால் குற்றம் ஏற்பியில் இல்லை. என்-மிக், இன்சுலின், செல் அடர்த்தி பக்கம் தேடுங்கள். சோனிக் செல்களின் சாவையும் குறைப்பதால், வெறும் எண்ணிக்கை கூடியதைப் பெருக்கம் என்று எழுதிவிடக் கூடாது. செல் சாவின் அடையாளமான வெட்டுப்பட்ட காஸ்பேஸ்-3க்கும் ஒரு குழி ஒதுக்குங்கள்.

சிலியத்தைப் பார்க்க அசிட்டைலேட்டட் டியூபுலின் ஆன்டிபாடி எல்லா இடத்திலும் பழக்கம். இந்தச் செல்களில் அது ஏமாற்றும். முளைவிடும் ஆக்ஸான்களும் அதில் ஏறுவதால் தட்டு முழுக்கக் கம்பிவலையாகத் தெரியும். சிலியத்தில் உள்ள ஏஆர்எல்13பி புரதத்துக்கான ஆன்டிபாடியும் அடிப்பகுதிக்குப் பெரிசென்ட்ரினும் சேர்த்துப் போட்டால், செல்லின் உட்கருவின் ஓரத்தில் ஒரு புள்ளியும் அதிலிருந்து எழும் குட்டைக் கோடும் சந்தேகமில்லாமல் தெரியும். அந்தக் கோட்டின்மேல் ஸ்மூத்தண்டு ஏறியிருக்கிறதா என்று பார்ப்பதுதான் சோனிக் வேலை செய்ததற்கு முதல் நேரடிச் சாட்சி.

இந்தச் சங்கிலி எந்தக் கண்ணியில் அறுகிறது என்பது நோயாளிக்கும் முக்கியம். குழந்தைகளுக்குச் சிறுமூளையில் வரும் மெடுல்லோபிளாஸ்டோமா என்ற புற்றுக்கட்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று சோனிக் வகை. அவை கிரானியூல் முன்னோடிச் செல்லிலிருந்து கிளம்புபவை. பேட்ச்டு-1இன் ஒரு பிரதி இழந்த சுண்டெலிகளில் ஒரு பகுதிக்கு இதே கட்டி வருவது 1997இல் தெரிந்தது. பழுது பேட்ச்டுவிலோ ஸ்மூத்தண்டிலோ இருந்தால் விஸ்மோடெகிப் பலிக்க வாய்ப்புண்டு. சூஃபு இழந்தாலோ க்ளி-2 பெருகியிருந்தாலோ பலிக்காது. மருந்து அடைக்கும் கதவுக்கு அப்பால்தான் வெள்ளம். சிலியத்தின் பங்கும் இப்படியே மாறுகிறது. ஸ்மூத்தண்டு முறுக்கேறி உண்டான கட்டி, சிலியத்தை நீக்கிய சுண்டெலிகளில் வளர்வதில்லை. க்ளி-2 முறுக்கேறிய செல்களில் சிலியத்தை நீக்கினால் கட்டி வருகிறது, ஏனென்றால் க்ளி-3இன் அடக்கும் வடிவம் உருவாகவும் சிலியம் வேண்டும். வளரும் குழந்தைகளுக்கு ஸ்மூத்தண்டு தடுப்பு மருந்தைத் தொடர்ந்து கொடுத்தால் எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் நிரந்தரமாக மூடிக்கொள்ளும். அங்கேயும் ஹெட்ஜ்ஹாக் குடும்பத்தின் வேலை நடந்துகொண்டிருக்கிறது.

மறுபக்கம், பெருக்கம் குறைவதால் வரும் கேடு. டவுன் சிண்ட்ரோமுக்கு மாதிரியாக வைக்கப்படும் டிஎஸ்65டிஎன் சுண்டெலிகளில் முன்னோடிச் செல்கள் சோனிக்குக் குறைவாகவே செவிசாய்க்கின்றன. பிறந்த அன்று ஒரே ஒரு எஸ்ஏஜி ஊசி போட்டபோது, ஆறாம் நாளில் முன்னோடிச் செல்களின் எண்ணிக்கை இயல்புக்குத் திரும்பியது.

எனக்கு இதைவிடக் கவலை தருவது குறைமாதக் குழந்தைகள். மனிதரில் வெளிக் கிரானியூல் அடுக்கு கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் மும்முரமாகப் பெருகி, பிறந்தபிறகும் மாதக்கணக்கில் தொடர்கிறது. நுரையீரலுக்காக ஸ்டீராய்டு கொடுக்க நேர்வது சரியாக இந்தக் காலத்தில்தான். குளுக்கோகார்டிகாய்டு ஏற்பி தூண்டப்பட்டால் சோனிக்கின் பெருக்கம் தணிகிறது. முன்னோடிச் செல்லில் இயற்கையாகவே ஒரு கேடயம் உண்டு: 11 பீட்டா ஹெச்எஸ்டி-2 என்ற நொதி, கார்டிகோஸ்டிரோனையும் ப்ரெட்னிசலோனையும் ஏற்பியை எட்டுமுன் செயலிழக்கச் செய்யும். டெக்ஸாமெத்தசோன் அதற்கு எளிதில் மசியாது. சோனிக் சமிக்ஞை இந்த நொதியின் அளவை உயர்த்துகிறது. பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு ப்ரெட்னிசலோனுடன் எஸ்ஏஜியும் கொடுத்துப் பார்த்த 2011ஆம் ஆண்டு ஆய்வில், சிறுமூளைச் சேதம் தடுக்கப்பட்டது. நுரையீரலுக்கு ஸ்டீராய்டு செய்யும் நன்மை குறையவில்லை. ஒரு வாரக் குறுகிய சிகிச்சையில் கட்டியும் வரவில்லை. சுண்டெலியின் ஒரு வாரம் மனிதக் குழந்தைக்குப் பல மாதம். அந்த நீண்ட காலத்துக்கு ஸ்மூத்தண்டைத் தூண்டி வைத்தால் என்ன ஆகும் என்பதுதான் இதைச் சிகிச்சையாகப் பேசுமுன் யாரும் பதில் சொல்லியாக வேண்டிய கேள்வி.